ஆளைப் பார்த்துப் போடும் வெளிச்சம்

என்னிடம் இரண்டு க்யூ ஷீட்டுகள் இருக்கின்றன, ஒளியும் ஒலியும் எப்போது மாற வேண்டும் என்று எழுதி வைக்கிற தாள்கள். இரண்டும் ஒரே நாடகத்துக்கு எழுதியவை. ஒரு வீட்டுக்குள் ஓர் இரவில் நடக்கிற கதை. ஐந்து பாத்திரங்கள், ஒரு கட்டில், ஒரு தொலைபேசி, வெளியே விடாத மழை. 1980-களின் கடைசியில் எழுதிய தாளில் ஓரிடம் இப்படி இருக்கிறது: ‘அம்மா சொம்பைக் கீழே வைத்ததும் ஆம்பர் மெதுவாக இறங்கட்டும். மழை ஏறட்டும். மகன் திரும்பியதும் முழு வெளிச்சம்.’ பல வருடங்கள் கழித்து அதே நாடகம் மறுபடி மேடையேறியபோது அச்செடுத்த தாளில் அதே இடம்: ‘லைட் 23, 6 விநாடி. சவுண்ட் எச், ஆட்டோ ஃபாலோ. லைட் 24, 0 விநாடி.’

முதல் தாளில் எண் இல்லை. இரண்டாவது தாளில் அம்மா இல்லை.

இரண்டு மேடையேற்றங்களிலும் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இடையில் வந்த மாற்றங்களில் பெரும்பாலானவை நல்லவை. ஆனால் தாளிலிருந்து அம்மா காணாமல் போனது நல்லதல்ல. அது கருவியால் வந்த இழப்பும் அல்ல, நாம் வேலையைப் பிரித்துக்கொண்ட விதத்தால் வந்தது.

1977-ல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அடுத்த வருடம் ஞாநி பரீக்‌ஷாவைத் தொடங்கினார். சபா நாடகத்துக்கு வெளியே ஒரு நாடகம் சாத்தியம் என்று அவர்கள் காட்டிய பிறகு, சென்னையில் வேலை முடிந்து மாலையில் கூடுகிற சின்னக் குழுக்கள் பல உருவாயின. அப்படி ஒன்றில்தான் நான் சேர்ந்தேன். எங்களுக்கு நல்ல அரங்கு என்றால் எழும்பூர் மியூசியம் தியேட்டர். 1896-ல் கட்டிய கட்டடம். அரைவட்டமாக ஏறிப் போகும் இருக்கைகள். பின்வரிசையிலிருந்து பார்த்தாலும் நடிகரின் முகம் தெரியும். அரங்கு ஒரு நாளைக்குத்தான் கிடைக்கும். காலையில் செட் போட்டு, லைட் கட்டி, ஃபோகஸ் பார்த்து, மதியம் ஓர் ஓட்டம் ஓடிவிட்டு, மாலை மணி ஏழுக்குத் திரை. ஒளிக்கும் ஒலிக்கும் சேர்த்து ஒத்திகை பார்க்க அந்த மதியம் மட்டும்தான் உண்டு.

லைட்டுகள் வாடகைக்கு வரும். கூடவே ஒருவர் வருவார். எங்கள் குழுவில் எல்லோருக்கும் அவர் லைட் அண்ணன். அரங்குக்குள் நுழைந்ததும் அவர் மேடையைப் பார்க்க மாட்டார். மெயின் போர்டைத்தான் முதலில் திறந்து பார்ப்பார். 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு 15 ஆம்பியர் பிளக்கில் மூன்றுக்கு மேல் தாங்காது. பன்னிரண்டு விளக்கு என்றால் 50 ஆம்பியரைத் தாண்டும். எந்த ஃபேஸில் எத்தனை என்று மனக்கணக்காகப் பிரித்துவிட்டுத்தான் ஏணியைக் கேட்பார். ஒரு காட்சியில் எத்தனை விளக்கு சேர்ந்து எரியலாம் என்பதை இயக்குநரின் கற்பனையோடு அந்த மெயின் போர்டும் சேர்ந்து தீர்மானித்தது.

வெளிச்சத்தை ஏற்றி இறக்க டிம்மர்ஸ்டாட். உருளையான இரும்புப் பெட்டி, மேலே வட்டக் குமிழ். குமிழைத் திருப்பினால் உள்ளே இருக்கும் செப்புச் சுருளின் மேல் ஒரு கரித்துண்டு நகர்ந்து வோல்டேஜைக் கூட்டும், குறைக்கும். மனிதனுக்கு இரண்டு கைதான். ஒரே நேரத்தில் இரண்டு குமிழ்தான் திருப்ப முடியும். மூன்றாவது விளக்கும் சேர்ந்து இறங்க வேண்டுமென்றால் மேடையோர விங்கில் சும்மா நிற்கும் ஒரு நடிகரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார் அண்ணன். அவருக்கு முந்திய தலைமுறை இதைவிடக் கஷ்டப்பட்டது. ஜாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அடியில் ஓர் உலோகத் தகடு, மேலேயிருந்து கயிற்றில் இறங்கும் இன்னொரு தகடு. தகடுகள் நெருங்கினால் வெளிச்சம் ஏறும், விலகினால் இறங்கும். நீண்ட நாடகங்களில் தண்ணீர் சூடேறிக் கொதிக்கும். திறந்த தண்ணீரில் மின்சாரம் ஓடுகிற அந்த ஏற்பாட்டுக்குப் பக்கத்தில் இருட்டில் ஆட்கள் நடமாடினார்கள். அந்தக் காலத்தை நினைத்து ஏங்க எதுவும் இல்லை.

நான் ஒலிப் பக்கம். ஸ்பூல் டேப்பில்தான் முதலில் கற்றுக்கொண்டேன். டேப் விநாடிக்கு 19 செண்டிமீட்டர் ஓடும். ஒரு விநாடி இடைவெளி வேண்டுமென்றால் 19 செண்டிமீட்டர் வெற்று டேப்பை அடிக்கோலால் அளந்து, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும். ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் வெள்ளை லீடர் டேப் ஒட்டுவோம். டார்ச் வெளிச்சத்தில் வெள்ளை தெரிந்தால் அங்கே நிறுத்து என்று பொருள். பிறகு கேசட் வந்தது. சுமக்க எளிது, ஆனால் வெட்டி ஒட்டுவது பெரும்பாடு. அதனால் சத்தத்துக்கு ஒரு கேசட். மழைக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, இடிக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் சரியான இடம்வரை பென்சிலால் சுற்றி வரிசையாக அடுக்கி வைப்பேன். தொலைபேசி மணி மட்டும் பதிவு கிடையாது. செட்டுக்குப் பின்னால் ஒரு நிஜ மின்மணி, கையில் ஒரு சுவிட்ச். நடிகரின் விரல் ரிசீவரைத் தொடுகிற கணத்தில் விட வேண்டும். பதிவான மணி அந்தக் கணத்துக்காகக் காத்திருக்காது, கை காத்திருக்கும்.

லைட் அண்ணன் வலது விங்கில், நான் இடது விங்கில். ஹெட்செட் கிடையாது. இயக்குநர் பின்னால் நின்று டார்ச்சைக் காட்டுவார்; பாதி நேரம் அதுவும் தெரியாது. மதிய ஒத்திகையில் நான் வசனப் பிரதியை விரலால் தொடர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அண்ணன் மேடையைக் கடந்து வந்தார்.

“அதை மூடி வை தம்பி. டயலாக்கை முழுங்கிட்டாலும் முழுங்கிடுவாங்க. சொம்பை எடுக்காம போக மாட்டாங்க. ஆளைப் பாரு.”

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முழுக் கல்வி அதுதான். அதன் பொருள் அந்த நாடகத்தின் இடி மின்னலில் எனக்குப் புரிந்தது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் நான்கு விநாடி என்றால் மழை ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. இரண்டு விநாடி என்றால் அடுத்த தெருக்களுக்கு வந்துவிட்டது. பார்வையாளர்கள் யாரும் கணக்குப் போடுவதில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து மழை பார்த்த உடம்புக்கு அந்த இடைவெளி தெரியும். முதல் காட்சியில் நான்கு விநாடி, அடுத்ததில் இரண்டு, பிறகு ஒன்று என்று குறைத்துக்கொண்டே வந்தோம். எழுத்தில் எங்குமே சொல்லாத ஒரு செய்தி அரங்குக்குப் போய்ச் சேர்ந்தது: இந்த வீட்டை நோக்கி ஏதோ வருகிறது.

அண்ணன் வெள்ளை ஸ்பாட்டை சுவிட்சில் வெட்டி வெட்டிப் போடுவார். மேடைத் தரையில் வெள்ளை விழுந்ததும் நான் எண்ணத் தொடங்குவேன். கடைசி மின்னலுக்கு எண்ணிக்கை கிடையாது. மகன் கதவை அறைந்து சாத்தும்போது மின்னலும் இடியும் கதவும் ஒன்றாக விழ வேண்டும். அண்ணனை நானும் என்னை அவரும் பார்க்க முடியாது. இருவரும் மகனின் தோளைப் பார்த்தோம். கதவை வீசுவதற்கு முன் தோள் பின்னுக்குப் போகும். அங்கிருந்து கை இறங்கும்போது எங்கள் கைகளும் இறங்கின. மூன்று பேர் மூன்று இடத்தில் நின்று ஒரே செயலைச் செய்தோம்.

வசதி குறைந்த மேடையில்தான் இப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1959-ல் கல்கத்தா மினர்வா தியேட்டரில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்துக்கு தாபஸ் சென் ஒளியமைத்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறி, உள்ளே சிக்கிய தொழிலாளர்கள் மூழ்குகிற காட்சி. மேடையில் தண்ணீர் இல்லை, ஏறியது வெளிச்சம்தான். இசை ரவிசங்கருடையது. இந்திய மேடை ஒளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தக் காட்சியைச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஒளியும் ஒலியும் உடல்களும் ஒன்றாக ஏறியதால் நிகழ்ந்தது அது.

நம் ஊரில் இதற்கு இன்னும் பழைய வழக்கம் உண்டு. தெருக்கூத்தில் மத்தளக்காரர் மறைந்து உட்காருவதில்லை. ஆடுகளத்திலேயே, ஆடுகிறவரின் காலைப் பார்க்க முடிகிற இடத்தில் உட்காருகிறார். வேடம் திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகி, முதல் அடி வைக்கும்போது அடி எங்கே விழுகிறதோ அங்கே மத்தளம் விழுகிறது. களைத்த கலைஞர் மெதுவாக வந்தால் தாளம் அவருக்காகப் பொறுக்கிறது; வேகம் பிடித்தால் கூடவே ஓடுகிறது. விடிய விடிய நடக்கிற ஆட்டத்தில் இத்தனை விநாடி என்று எழுதி வைத்து வாசிக்க முடியுமா? பார்த்துத்தான் வாசிக்க முடியும்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக மாறியது. குமிழ்களுக்குப் பதில் தைரிஸ்டர் டிம்மரும் ஸ்லைடர் போர்டும் வந்தன. ஏ, பி என்று இரண்டு வரிசை ஸ்லைடர்கள். ஏ வரிசை மேடையில் எரியும்போதே அடுத்த காட்சியை பி வரிசையில் அமைத்து வைக்கலாம். பிறகு ஒரே நெம்புகோல் முழு மேடையையும் மாற்றும். அதோடு ஒரு புதுத் தொல்லையும் வந்தது. தைரிஸ்டர் மின்னலையை விநாடிக்கு 100 முறை வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு என் ஸ்பீக்கரில் ‘ர்ர்ர்’ என்று உறுமியது. லைட்டுக்கு ஒரு ஃபேஸ், சவுண்டுக்கு இன்னொன்று. லைட் கேபிளும் சவுண்ட் கேபிளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடக் கூடாது, குறுக்கே போக வேண்டுமானால் செங்குத்தாகப் போக வேண்டும். இந்த விதிகளை அண்ணனும் நானும் சேர்ந்து உட்கார்ந்து கற்றோம். சத்தமே இல்லாத காட்சிக்கும் ஒளிக்காரரும் ஒலிக்காரரும் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 1986-ல் உருவான டிஎம்எக்ஸ் 512 என்ற ஏற்பாடு நாளடைவில் எங்கள் சின்ன மேடைகளுக்கும் வந்தது. ஒரே மெல்லிய கேபிளில் 512 சேனல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு. 2006-ல் க்யூலேப் வந்தது: லேப்டாப்பில் சத்தங்களை வரிசையாக அடுக்கி, ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால் அடுத்தது ஓடும். எல்இடி விளக்குகள் மின்சுமையை வெகுவாகக் குறைத்தன. மேடையில் நடிகர்களின் ஒப்பனை உருகுவது நின்றது. முன்பு இரும்பு டிம்மர்களைத் தூக்கவே நான்கு ஆண்கள் வேண்டும் என்று சொல்லிப் பெண்களை இந்த வேலைக்குச் சேர்க்கவே மாட்டார்கள். இப்போது என்னோடு வேலை செய்கிறவர்களில் பெண்கள் பலர். லைட் கொடுக்கும்போது யார் கையிலும் ஷாக் அடிப்பதில்லை. இவை சின்ன லாபங்கள் அல்ல.

க்யூ சொல்லும் முறையும் ஒழுங்கானது. ஒளிக்கு எண், ஒலிக்கு எழுத்து என்று பிரித்தால் ஹெட்செட்டில் ஒன்று இன்னொன்றாகக் காதில் விழாது. முதலில் ‘ஸ்டாண்ட்பை’, பிறகு ‘கோ’. ‘கோ’ என்ற சொல்லை வேறு எதற்கும் ஹெட்செட்டில் உச்சரிக்கக் கூடாது. சவுண்ட் ஓடும் லேப்டாப்பில் இணையத்தை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் துக்கக் காட்சியில் வாட்ஸ்அப் மணி அரங்கு முழுக்க ஒலிக்கும். ப்ளூடூத் ஸ்பீக்கர் கூடாது. அழுத்துவதற்கும் கேட்பதற்கும் நடுவில் காது கண்டுபிடிக்கிற அளவு தாமதம் அதில் உண்டு. இதெல்லாம் இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே தெரிகிறது.

அந்தப் பழைய நாடகத்தை மறுபடி எடுத்தபோது, பழைய தாளில் இருந்த இடங்களிலேயே க்யூக்களை வைத்துப் பார்த்தோம். எல்லாமே ஒரு கணம் முந்தி வந்தது. காரணம் தேடியபோதுதான் தெரிந்தது. டங்ஸ்டன் இழை சூடேறித்தான் எரியும், ஆறித்தான் அணையும். அந்த நேரத்தைக் கணக்கில் வைத்து அண்ணன் ஒவ்வொரு க்யூவையும் கொஞ்சம் முன்னதாகவே எழுதியிருந்தார். எல்இடி அந்த நேரத்தை எடுத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, பழைய விளக்கு மங்கும்போது சிவந்துகொண்டே மங்கும். அந்தி போல ஒரு நிறம் தானாக வரும். எல்இடி நிறம் மாறாமல் மங்குகிறது. கடைசிச் சில அளவுகளில் படிப்படியாகக் குதித்து இறங்குவதும் கண்ணுக்குத் தெரிகிறது. இதைச் சரிசெய்ய, பழைய இழை போலச் சிவந்து இறங்குகிற வசதியை இப்போது விலை உயர்ந்த எல்இடி விளக்குகளுக்குள்ளேயே வைத்துத் தருகிறார்கள். பழைய விளக்கின் குணத்தைப் புது விளக்குக்குக் கற்றுக்கொடுக்கத் தொழில்நுட்பம் இவ்வளவு மெனக்கெடுகிறது. பழைய கையின் குணத்தைப் புதுக் கைக்குக் கற்றுக்கொடுக்க நாமும் அவ்வளவு மெனக்கெட வேண்டும்.

மறு மேடையேற்றத்தில் லேப்டாப்பில் உட்கார்ந்தவர் பொறியியல் படித்த ஒரு பெண். ஒளி, ஒலி இரண்டும் அவர் கையில். வேலையில் சுத்தம், ஃபைலில் ஒரு க்யூ பெயர்கூடப் பிழையில்லை. முதல் காட்சி நாளன்று எல்லாம் ஒத்திகையில் ஓடியபடியே ஓடியது. இரண்டாவது நாள் அம்மாவாக நடித்தவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். அரங்கில் ஒரு சத்தம் இல்லை. மகனாக நடித்தவர் அந்த அமைதியை உணர்ந்து திரும்பாமல் நின்றார். நாடகம் முழுவதிலும் அதுதான் சிறந்த இடமாக அமைந்திருக்க வேண்டும். 6 விநாடி முடிந்ததும் மழை தானாக ஏறியது. மகன் திரும்பிய முகத்துக்கென்று வைத்திருந்த வெளிச்சம் அவன் முதுகில் வந்து விழுந்தது. அமைதி கலைந்துவிட்டது.

காட்சி முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தார். “ஃபைல் கரெக்டாதான் சார் ஓடுச்சு. ஆனா அவர் இன்னும் திரும்பவே இல்ல” என்றார். மறுநாள் அவராகவே, ஒரு க்யூ முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓட்டுகிற ஆட்டோ ஃபாலோவை எடுத்துவிட்டு ஒன்றை மூன்றாகப் பிரித்தார். மூன்றுக்கும் தனித்தனியாக ஸ்பேஸ் தட்ட வேண்டும். மதியம் நடிகர்களைக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி, முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். க்யூலேப்பில் ஒவ்வொரு க்யூவுக்கும் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு; யாரும் அதை நிரப்புவதில்லை. அவர் நிரப்பினார்: ‘சொம்பிலிருந்து கை விலகினால்.’ அடுத்த வரியில்: ‘மகனின் இடது தோள்.’ அண்ணனை அவர் பார்த்ததே இல்லை.

அவரோடு உட்கார்ந்து அந்த நாடகத்தின் எல்லா க்யூக்களையும் ஒருமுறை பிரித்துப் பார்த்தோம். எந்த க்யூவுக்கும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இதற்குக் காரணம் இயற்கையா, மனிதரா? மின்னலுக்குப் பின் இடி வருவதும், தெருவிளக்கு சிமிட்டுவதும், ரயில் கடந்து தேய்வதும் மனிதர் தீர்மானிக்காதவை. அவற்றைக் கம்ப்யூட்டரிடம் விடலாம். நான்கு விநாடி என்றால் நான் எண்ணியதைவிட அது சரியாகவே எண்ணும். திரும்புவது, எடுப்பது, வைப்பது, பேச்சை நிறுத்துவது எல்லாம் மனிதர் செய்வது; ஒவ்வொரு மாலையும் வேறு நேரம் எடுக்கும். அவற்றை நேரத்தோடு கட்டக் கூடாது, கையோடு கட்ட வேண்டும். எவ்வளவு வெளிச்சம், எந்த நிறம், எத்தனை விநாடியில் என்பதைக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளட்டும். எப்போது என்பதை மட்டும் ஒரு மனிதர் நடிகரைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

டிம்மர்ஸ்டாட் காலத்தில் எங்களுக்கு நாடகம் மனப்பாடமாக இருந்தது தனித் திறமையால் அல்ல. மனப்பாடம் இல்லாமல் கையை நகர்த்தவே முடியாது. இப்போது நாடகமே தெரியாமல் பட்டனைத் தட்டி ஒரு மாலையை முடித்துவிடலாம். அதனால் குழுக்கள் செலவை மிச்சம் பிடிக்க, ஆப்பரேட்டரைக் கடைசி நாள் கூப்பிட்டு ஃபைலைக் கையில் கொடுக்கின்றன. முன்பு கருவி கட்டாயப்படுத்தியதை இனி நாமே விரும்பிச் செய்தாக வேண்டும்.

சின்னக் குழு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய பணம் பிடிக்கிற காரியமல்ல. ஆப்பரேட்டரின் மேசையை நடிகரின் கையும் முகமும் தெரிகிற இடத்தில் போடுங்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைக்க வேண்டியிருந்தால் மேடைச் சத்தம் கேட்க உள்ளே ஒரு ஸ்பீக்கராவது வையுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் செயலையும் எழுதச் சொல்லுங்கள். பிரதி வாசிக்கிற முதல் நாளிலிருந்தே அவர் நடிகர்களோடு உட்காரட்டும். அழைப்பிதழில் அவர் பெயரைக் கடைசி வரியில் போட்டாலும் பரவாயில்லை, ஒத்திகைக்கு அவரைக் கடைசியாகக் கூப்பிடாதீர்கள்.